தொழிற்கல்வி: வகுப்பறையில் கற்பதும் வேலையிடத்தில் கற்பதும்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியின் முடிவில் எழுதும் தேர்வுகளில், டிசம்பரில் வழக்கநிலைத் தேர்வு (என்-லெவல்) முடிவும் ஜனவரியில் சாதாரண நிலைத் தேர்வு (ஓ-லெவல்) முடிவும் வெளிவந்ததும், தொழில்நுட்பத் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு வாக்குவாதம் கிளம்பும். "முதலில் படித்து ஒரு சான்றிதழை வாங்கு, வேலை எங்கே ஓடிப்போகிறது?" என்பார் அம்மா. "வேலையில் இறங்கினால்தான் கைக்குத் தொழில் வரும், கூடவே சம்பளமும் வரும்" என்பார் மாமா. அம்மா நினைப்பது சான்றிதழை, மாமா நினைப்பது சம்பளத்தை. ஆனால் சான்றிதழ் இரண்டு வழியிலும் கிடைக்கும். படிக்கும்போதே சம்பளம் வருவதும் இங்கே புதிதல்ல. உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது.

வகுப்பறை வழியில் நீங்கள் மாணவர். பாடத்திட்டம், கால அட்டவணை, பட்டறைப் பயிற்சி, தேர்வு எல்லாவற்றையும் கல்வி நிலையம் வகுக்கிறது. நடுவில் சில மாதங்கள் ஒரு நிறுவனத்துக்கு வேலைப் பயிற்சிக்கு அனுப்பப்படுவீர்கள், ஆனால் அங்கேயும் நீங்கள் விருந்தாளி மாணவர்தான். வேலையிட வழியில் நீங்கள் ஊழியர். சம்பளம் கொடுப்பவர் முதலாளி, விடுப்பு கேட்க வேண்டியது அவரிடம், வேலையை விட்டு நீக்கக்கூடியவரும் அவர். வாரத்தில் ஒரு நாளோ, சில மாதங்களுக்கு ஒருமுறை சேர்ந்தாற்போலச் சில வாரங்களோ வகுப்புக்குப் போவீர்கள். மற்ற நேரமெல்லாம் வேலைதான் வகுப்பு. எனவே "எதில் அதிகம் கற்கலாம்?" என்பதற்கு முன் "என் வாரத்தின் மணிநேரங்களை யார் தீர்மானிக்கிறார்?" என்று கேட்க வேண்டும். கல்வி நிலையம் தீர்மானித்தால் கற்றலுக்கு முன்னுரிமை இயல்பாகவே கிடைக்கும். முதலாளி தீர்மானித்தால், எழுத்தில் இருந்தால்தான் கிடைக்கும்.

பெரியவர்கள் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தெரிந்தவர் கடையில் "வா தம்பி, கூடவே இருந்து கத்துக்கோ" என்று சேர்த்துக்கொள்வது வேலையிடப் பயிற்சி ஆகாது. அது வெறும் வேலை. முறையான பயிற்சி என்றால் நான்கு அம்சங்கள் இருக்க வேண்டும்: சம்பளம் குறிப்பிட்ட வேலை ஒப்பந்தம், எந்த மாதத்துக்குள் எந்தத் திறனைக் கற்பீர்கள் என்று சொல்லும் பயிற்சித் திட்டம், உங்களுக்கென்று பொறுப்பேற்ற, கற்பிக்கத் தெரிந்த ஒரு பயிற்றுநர், நிறுவனத்துக்கு வெளியே இருந்து உங்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அமைப்பு. நான்காவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் அதிகம். வழக்கமாகச் சொதப்புவது இரண்டாவதும் மூன்றாவதும்.

சிங்கப்பூரில் என்னென்ன இருக்கின்றன

வகுப்பறை வழியில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, 1992ல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்விக் கழகம், அதாவது எல்லோரும் சொல்லும் ஐடிஇ. சீமெய், அங் மோ கியோ, சுவா சூ காங் ஆகிய இடங்களில் அதன் மூன்று கல்லூரிகள் உள்ளன. மற்றது, பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஐந்து: சிங்கப்பூர், நீ ஆன், தெமாசெக், நன்யாங், ரிபப்ளிக். பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு.

ஐடிஇயில் ஒரு மாற்றத்தைப் பல பெற்றோர் இன்னும் கவனிக்கவில்லை. முன்பு வழக்கநிலை முடித்த பிள்ளை இரண்டு ஆண்டு நைட்டெக் என்ற அடிப்படைத் தொழில்நுட்பச் சான்றிதழுக்குப் படித்து, தகுதி இருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு உயர் நைட்டெக் படிக்கும். மொத்தம் நான்கு ஆண்டு. 2022 முதல் படிப்படியாக மூன்று ஆண்டில் நேராக உயர் நைட்டெக் பெறும் முறை கொண்டுவரப்பட்டது. 2026க்குள் எல்லாப் பாடங்களையும் அதற்கு மாற்றுவது திட்டம். ஆகவே அண்ணன் படித்த காலத்துக் கணக்கைத் தம்பிக்குப் போடாதீர்கள். அதேபோல் 2027ல் வழக்கநிலை, சாதாரண நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. சேர்க்கைப் புள்ளிகளைப் பற்றி உறவினர் சொல்வதைக் கேட்காமல் அந்த ஆண்டுக்கான கல்வி அமைச்சு இணையத்தளத்தைப் பாருங்கள்.

வேலையிட வழியில் பெயர் சொல்ல வேண்டியது ஐடிஇயின் வேலை-படிப்புப் பட்டயம். 2018ல் வேறு பெயரில் தொடங்கி, பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. காலம் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று ஆண்டு. மின்தூக்கி, ரயில் பொறியியல், துறைமுகத் தானியக்கம், கடல்துறைப் பொறியியல், மரப் பராமரிப்பு என்று பாடங்கள் பல. ஆனால் இதில் சேர்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நைட்டெக்கோ உயர் நைட்டெக்கோ முடித்தவர்கள். பள்ளி முடித்த கையோடு சேரக்கூடிய ஐடிஇயின் டிரெய்னீஷிப் என்ற வழியும் நெடுங்காலமாக உண்டு. அதில் எந்தத் துறையில் இடம் இருக்கிறது என்பது அந்த ஆண்டு எந்த முதலாளிகள் முன்வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பதினாறு, பதினேழு வயதில் "வகுப்பறையா, வேலையிடமா" என்று ஒரேயடியாக முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இங்கே பலருக்கும் இல்லை. முதலில் வகுப்பறையில் அடிப்படை, பிறகு வேலையிடத்தில் பட்டயம் என்பதுதான் அதிகம் நடக்கிற வரிசை. இணையத்தில் இங்கிலாந்துக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். இங்கிலாந்தில் 2020ல் வந்த டி-லெவல் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு வகுப்பறையை மையமாகக் கொண்டது. குறைந்தது 315 மணிநேரம், அதாவது சுமார் 45 நாள், நிறுவனத்தில் வேலைப் பயிற்சி. டி-லெவலுக்கு மாற்றாக, அதே வயதில் நேராக ஊழியராகச் சேர்ந்து கற்கும் வேலையிடப் பயிற்சிக்குப் போகலாம். அங்கே அவை ஒரே வாசலில் நிற்கும் இரண்டு கதவுகள். இங்கே ஒன்றுக்குப் பின் மற்றொன்று.

முதலாளியும் கல்வி நிலையமும் பங்கு பிரித்துக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஜெர்மனிதான் முன்மாதிரி. அங்கே பயிலுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் இருப்பார். தேர்வைத் தொழில் வணிகச் சபை நடத்தும். சிங்கப்பூரில் 1990ல் அந்த முறையைத் தழுவி ஒரு புதிய பயிற்சித் திட்டம் வந்தது. வேலையிடப் பயிற்சியைச் சரியாக நடத்த நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தேசிய நிலையம் ஒன்று 2018 முதல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயங்குகிறது. முதலாளிக்கே பயிற்சி தேவைப்படுகிறது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டதாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மின்தூக்கிக் கோளாறு, இரண்டு இடங்களில்

இரண்டு வழிகளும் எதைக் கற்பிக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துப் பார்க்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றில் மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடுகிறது.

மின்தூக்கியில் பாதுகாப்புச் சுற்று என்ற ஒரு மின்சுற்று உண்டு. ஒவ்வொரு மாடியின் கதவுப் பூட்டுத் தொடுவான் (கதவு மூடினால் சேர்ந்து, திறந்தால் விலகும் மின் தொடுமுனை), பெட்டியின் கதவுத் தொடுவான், குழியில் உள்ள நிறுத்து சுவிட்ச், வேகம் மிஞ்சினால் திறக்கும் சுவிட்ச் எல்லாம் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஏதாவது ஒன்று திறந்தால் போதும், மோட்டாருக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், பிரேக் பிடித்துக்கொள்ளும். பதினாறு மாடிக் கட்டடத்தில் ஒரு மாடியின் கதவுத் தொடுவானில் அழுக்கு படிந்தாலும் மின்தூக்கி முழுதும் நிற்கும்.

வகுப்பறையில் இதைப் படமாக வரைவீர்கள். பட்டறை மாதிரியில் ஆசிரியர் மூன்றாவது தொடுவானை வேண்டுமென்றே கழற்றி வைத்திருப்பார். நீங்கள் மீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையிலும் மின்னழுத்தம் பார்த்து, எங்கே அது காணாமல் போகிறதோ அங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பீர்கள். தவறாகச் செய்தால் யாருக்கும் ஆபத்தில்லை, மறுபடி செய்யலாம். ஏன் தொடராக இணைக்க வேண்டும், பக்க இணைப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேள்வி கேட்க நேரம் இருக்கும். இந்த "ஏன்" வேலையிடத்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

வேலையிடத்தில் கோளாறு இப்படி ஒழுங்காகக் காத்திருக்காது. நீங்கள் போய்ச் சேரும்போது மின்தூக்கி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கதவுப் பள்ளத்தில் ஒரு சிறு கல் அகப்பட்டிருக்கலாம், கதவை வழிநடத்தும் பிளாஸ்டிக் துண்டு தேய்ந்து கதவு லேசாக ஆடலாம், மழைநீர் வழிந்து தொடுவான் துருப்பிடித்திருக்கலாம். அனுபவசாலி முதலில் மீட்டரை எடுக்க மாட்டார். எந்த மாடியில் நின்றது என்று கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அங்கிளிடம் கேட்பார். பதிவேட்டில் போன மாதக் குறிப்பைப் பார்ப்பார். ஒவ்வொரு மாடியிலும் கதவைக் கையால் அசைத்துப் பார்ப்பார். தடுப்பு வைக்காமல் கதவைத் திறக்கக் கூடாது, ஆய்வு நிலைக்கு மாற்றாமல் பெட்டியின் கூரையில் ஏறக் கூடாது என்பதெல்லாம் அங்கே மனப்பாடமாக இல்லாமல் பழக்கமாகப் படியும்.

ஆனால் கெட்ட பழக்கமும் அதே வேகத்தில் படியும். கோளாறு எந்த இடத்தில் என்று விரைவாகக் கண்டுபிடிக்க, ஒரு துண்டு வயரால் தொடுவானின் இரு முனைகளையும் இணைத்துப் பார்ப்பது உண்டு. கண்டுபிடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே மின்தூக்கி நகரும். ஒழுங்கான நிறுவனத்தில் அந்த வயர்கள் பளிச்சென்ற நிறத்தில் நீளமாக இருக்கும், எண்ணித்தான் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் எண்ணித்தான் வாங்குவார்கள். அவசரக்கார மேற்பார்வையாளர் சட்டைப் பையில் கிடக்கும் ஏதோ ஒரு கறுப்பு வயரை எடுப்பார். அவரிடம் முதல் ஆறு மாதம் கற்ற பையனுக்கு அதுதான் சரியான முறையாகத் தெரியும். பயிற்றுநர் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு எடை கொடுப்பது இதனால்தான்.

சுருக்கமாக, வகுப்பறை காரணத்தைக் கற்பிக்கும், பலவகைக் கருவிகளைக் காட்டும், பிழைக்கு இடம் தரும். வேலையிடம் அறிகுறியைப் படிக்கக் கற்பிக்கும், வேகத்தையும் ஒழுங்கையும் தரும். ஆனால் அந்த நிறுவனம் பராமரிக்கும் இரண்டு மூன்று வகை இயந்திரங்களைத் தாண்டி வேறு எதையும் காட்டாமலும் போகலாம்.

பணக் கணக்கு

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பயிலுநரின் மாதச் சம்பளம் 1,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்வது. உண்மைத் தொகை துறைக்குத் துறை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிங்கப்பூரர் என்றால் அவர் பங்காக 20%, அதாவது 360 வெள்ளி, மத்திய சேம நிதிக்குப் போகும். முதலாளி தம் பங்காக 17%, அதாவது 306 வெள்ளி போடுவார். இந்தியர்களுக்கான சுயவுதவி அமைப்பான சிண்டாவுக்கு 5 வெள்ளி பிடித்தம். கையில் வருவது 1,435 வெள்ளி. சேம நிதியில் மாதம் 666 வெள்ளி சேரும். நிரந்தரவாசியானால் முதல் இரண்டு ஆண்டு சேம நிதி விகிதம் குறைவாக இருக்கும்.

வகுப்பறை வழியில் செலவு இருக்கும், வரவு இருக்காது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சிங்கப்பூரருக்கான கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. ஐடிஇயில் அதைவிட மிகக் குறைவு. உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் உள்ள பணத்தைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். பள்ளிக் காலத்தில் அரசாங்கம் பணம் போட்ட எடுசேவ் கணக்கில் மிச்சமிருந்த தொகை அதற்குத்தான் மாறியிருக்கும். அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாமல் கையிலிருந்து கட்டும் குடும்பங்கள் உண்டு. பயன்படுத்தாமல் விட்டாலும் பணம் வீணாகாது. 31 வயதாகும் ஆண்டில் சேம நிதியின் சாதாரணக் கணக்குக்குப் போய்விடும். அதற்குள் தம்பி தங்கையின் கட்டணத்துக்கும் எடுக்கலாம். குறைந்த வருமானக் குடும்பமானால் கல்வி நிலையத்தின் உதவிநிதியோடு சிண்டாவின் உதவிநிதிக்கும் விண்ணப்பியுங்கள்.

படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சிக்கு நிறுவனம் கொடுக்கும் உதவித்தொகைக்குச் சேம நிதி கிடையாது. வேலை-படிப்புப் பயிலுநருக்கு உண்டு, அவர் ஊழியர் என்பதால். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "அங்கேயும் மாதம் ஏதோ தருகிறார்களே" என்று ஒப்பிடுவது தவறு.

2024 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த ஒரு சலுகை கணக்கையே மாற்றுகிறது. 30 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரரான ஐடிஇ பட்டதாரி, தகுதிபெறும் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் 5,000 வெள்ளி அவருடைய கல்விக் கணக்கில் போடப்படும். படித்து முடித்தால் இன்னும் 10,000 வெள்ளி சேம நிதியின் சாதாரணக் கணக்கில் சேரும். பின்னால் வீடு வாங்கும்போது அது கைகொடுக்கும். ஐடிஇயோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்பவர், தாம் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டப்படி பயிலுநர் யார்?

வேலை நியமனச் சட்டம் "வேலை ஒப்பந்தம்" என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே தொழில்பழகுநர் ஒப்பந்தமும் அடங்கும். எனவே "நீ டிரெய்னிதானே, உனக்கு விடுப்பு கிடையாது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று மாதம் வேலை செய்தபின் ஆண்டு விடுப்புக்கு உரிமை உண்டு. முதல் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள், அந்த ஆண்டில் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ற அளவில். ஆறு மாதம் ஆனபின் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு. மூன்று மாதம் ஆனபோதே அதில் 5 நாள் கிடைக்கும். முக்கிய வேலை நிபந்தனைகளைச் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். சம்பளச் சீட்டு விவரமாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். உடலுழைப்பு வேலையில் இருப்பவரின் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாவிட்டால் வாரம் 44 மணிநேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டமும் தொழில்பழகுநரைக் காக்கிறது.

சம்பளம் முழுதாக வராவிட்டால் வேலையை விட்டு ஆறு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். வேலையில் தொடர்ந்தால் ஓராண்டுக்கு முந்திய பாக்கி வரைதான் கோரலாம். "கோர்ஸ் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் பாதிப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

எங்கே கெட்டுப்போகிறது

வேலையிட வழி கெட்டுப்போவது பெரும்பாலும் ஆளெடுப்பில் பற்றாக்குறை உள்ள நிறுவனத்தில். பயிற்சித் திட்டத்தில் பன்னிரண்டு திறன்கள் எழுதியிருக்கும். பையன் குழியைச் சுத்தம் செய்வதிலும் கருவிகளை எடுத்துக் கொடுப்பதிலும் கெட்டிக்காரனாகிவிடுவான். அவனை வேறு வேலைக்கு மாற்றினால் அதைச் செய்ய ஆளில்லை. எட்டு மாதம் அப்படியே போய்விடும். கடைசியில் மதிப்பீட்டாளர் வரும் முந்தைய நாள் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒரே பேனாவால், ஒரே மையில், எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து விழும். பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அடுத்தது வகுப்பு நாள். செவ்வாய்க்கிழமை வகுப்பு என்று எழுதியிருந்தும், அன்றைக்கு எங்காவது மின்தூக்கி நின்றால் "இன்னிக்கு மட்டும் வந்துட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை என்றாலே ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் போய்விடும். வாரத்துக்கு ஒரே நாள் வகுப்பு உள்ளவருக்கு அது சிறிய இழப்பு அல்ல. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுதுவதற்கே சிக்கல் வரலாம். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை வகுப்பில் உட்கார்ந்து மாறுதிசை மின்சுற்றுக் கணக்கு போடுவதும் லேசான காரியமல்ல. கணக்குதான் பலரையும் தடுக்கி விழவைக்கிறது. பள்ளியில் கணிதத்தில் தடுமாறியவர்கள் சேருவதற்கு முந்திய சில மாதங்களில் பின்னம், சூத்திரத்தில் இடமாற்றம், திரிகோணமிதி மூன்றையும் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு அபாயம் இரட்டை இழப்பு. வேலை போனால் படிப்பும் போகலாம். நிறுவனம் மூடப்பட்டாலோ நீங்களே சண்டை போட்டு விலகினாலோ, வேறு முதலாளியிடம் மாறித் தொடர முடியுமா என்பதைச் சேரும்போதே கல்வி நிலையத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் தங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று பிணை எழுதி வாங்கும். எத்தனை மாதம், முறித்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அந்தத் தொகை மாதாமாதம் குறையுமா, கடைசி நாள் வரை முழுசாகவே நிற்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

வகுப்பறை வழியும் பழுதில்லாதது அல்ல. பட்டறையில் நான்கு மாதிரிகளைச் சுற்றி இருபது பேர் நின்றால், தைரியமான நான்கு பேர் கை வைப்பார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். குழுத் திட்டப்பணியில் ஒருவர் செய்வார், ஐந்து பேர் பெயர் போடுவார்கள். வேலைப் பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில் ஆவணங்களை வருடிக் கணினியில் ஏற்றுவதே வேலையாகிவிடும். இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது: பட்டறை வகுப்பில் முன்வரிசையில் நில்லுங்கள், வேலைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் தொடர்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொல்லிப் பயனில்லை.

உரிமம் தேவைப்படும் தொழில்

மின்பணியில் எந்த வழியில் கற்றாலும் சான்றிதழ் மட்டும் போதாது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர்தான் பொறுப்பேற்றுக் கையெழுத்திட முடியும். மின்பணியாளர் உரிமத்தில் 45 கேவிஏ (மின்சுமையை அளக்கும் அலகு) வரையிலான இணைப்புகள். அடுத்த நிலையான மின் தொழில்நுட்பர் உரிமத்தில் 500 கேவிஏ வரை. அதற்கு மேல் மின்பொறியாளர். ஒவ்வொரு நிலைக்கும் கல்வித் தகுதியும் வேண்டும், அனுபவமும் வேண்டும். வகுப்பறை வழியில் வந்தவர் பட்டயத்தை வைத்துக்கொண்டு அனுபவ ஆண்டுகளை எண்ணத் தொடங்குவார். வேலையிட வழியில் வந்தவருக்கு அனுபவம் முன்பே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அவர் படிக்கும் பட்டயம் உரிமத்துக்கு ஏற்கப்படுமா, பயிற்சிக் காலம் அனுபவமாகக் கணக்கில் சேருமா என்று சேருமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும். விமானப் பராமரிப்பு போன்ற பிற உரிமத் தொழில்களுக்கும் இதே கேள்விகள்தான்.

தேசிய சேவை

ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான இந்தப் பாதுகாப்புச் சேவையைக் கணக்கில் எடுக்காமல் எந்தத் திட்டமும் நிற்காது. 16½ வயதில் பதிவு, 18 வயதிலிருந்து இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. முழுநேரப் படிப்புக்குத் தள்ளிவைப்பு கிடைப்பதற்கு வயது வரம்பும் படிப்பு நிலையும் பார்க்கப்படும். "வேலை-படிப்பு" என்ற பெயரைப் பார்த்து அது படிப்புதான், தள்ளிவைப்பு தானாகக் கிடைக்கும் என்று நினைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தேசிய சேவைக்கு ஆளெடுக்கும் மத்திய ஆள்பல நிலையத்திடம் எழுத்துமூலம் பதில் வாங்கிய பிறகு போடுங்கள். பலருக்கும் நன்றாக அமைவது, உயர் நைட்டெக்கை முடித்து, சேவையையும் முடித்து, பிறகு வேலை-படிப்பில் சேருவது. இருபத்திரண்டு வயதில் வரும் பையனிடம் முதலாளியும் கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசுவார்.

யாருக்கு எது

பல்கலைக்கழகம் என்ற எண்ணம் மனத்தில் கொஞ்சமாவது இருந்தால் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம்தான் பழகிய பாதை. எந்தத் துறை என்று இன்னும் தெரியாதவருக்கும் வகுப்பறையே ஏற்றது. முதல் ஆண்டில் மனம் மாறினால் இழப்பு ஓராண்டுக் கட்டணம், அவ்வளவுதான். துறை உறுதியாகத் தெரிந்தவர், வீட்டுக்குப் பணம் தேவைப்படுபவர், நாற்காலியில் ஆறு மணிநேரம் உட்காருவது தண்டனையாகத் தெரிபவர், இவர்களுக்கு வேலையிட வழி பொருந்தும். "படிப்பு வரவில்லை, அதனால் வேலையிடப் பயிற்சி" என்ற வாதம் மட்டும் எடுபடாது. மேலே பார்த்தபடி அதில் படிப்பு குறைவில்லை. ஓய்வுநேரம்தான் குறைவு.

மதிப்பெண்ணைவிட ஆர்வமும் திறனும் பேசும் இடம் ஒன்று உண்டு: முன்கூட்டிய சேர்க்கைத் திட்டம். ஐடிஇ, பலதுறைத் தொழிற்கல்லூரி இரண்டிலும் தேர்வு எழுதுவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்க் கட்டைவிட நீங்களே பழுதுபார்த்த ஒரு சைக்கிள் கியர், எழுதிய ஒரு சிறு நிரல், வரைந்த ஒரு வயரிங் படம் அதிகம் உதவும்.

வேலை-படிப்பு நேர்காணலில் கேள்வி கேட்க வேண்டியது அவர்கள் மட்டுமல்ல. என் பயிற்றுநர் யார், அவர் எத்தனை பேருக்குப் பொறுப்பு, அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் யார் என்று கேளுங்கள். வகுப்பு நாளில் அவசர வேலை வந்தால் நடைமுறை என்ன, கட்டணத்தை யார் கட்டுவது, முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்றும் கேளுங்கள். முன்பு முடித்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டால் இன்னும் நல்லது. தயங்காமல் எண்ணைத் தரும் நிறுவனத்தில் பொதுவாகப் பயிற்சி நடக்கும்.

சேர்ந்த பிறகு, பயிற்சிக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த வாரமே பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கிக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். என்ன வேலை, எந்த இடம், எந்த இயந்திரம், எத்தனை மணிநேரம் என்று தேதியோடு இரண்டு வரி போதும். நிறுவனம் மாற நேர்ந்தாலும், உரிமத்துக்கு விண்ணப்பித்தாலும், சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுத்தாலும், முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்கள்தான்.